குடியாத்தம் சிரசு ஊர்வல நேரலை: சிம் பையா, கேபிள்காரர் ஃபைபரா?

கௌண்டன்யா கரை:
வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாக் கொண்டு போற திருவிழா. தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயில்ல புறப்படறதுல இருந்து கோபாலபுரம் போய்ச் சேர்ற வரைக்கும், அப்புறம் ராத்திரி வாணவேடிக்கையையும் யூடியூப்ல நேரலை விட எங்க தெருக் குழு திட்டம் போடுது. கையில இருக்கறது மூணு செல்போன், ஒரு ஹேண்டிகேம், ஓபிஎஸ் (பல கேமரா படத்தை மாத்தி மாத்தி நேரலை அனுப்பற சாஃப்ட்வேர்) போட்ட ஒரு லேப்டாப். போனே நேரா அனுப்பட்டும்னு பாதிப் பேர், கேபிள் ஆபரேட்டர்கிட்ட ஃபைபர் கேக்கலாம்னு மீதிப் பேர். எது தாங்கும்?

பையில் ஸ்டூடியோ:
சிரசு நகருது, அப்போ கேமராவும் கூடவே நகரணும். மாடியில ட்ரைபாட் போட்டு நின்னா வெறும் தலைங்கதான் தெரியும். ஒரு தோள் பை, அதுல மூணு டாங்கிள் (சிம் போட்டு நெட் எடுக்கற குட்டிப் பெட்டி), மூணும் வேற வேற கம்பெனி சிம். பாண்டிங் ஆப் மூணு லைனையும் சேர்த்து வெளியில ஒரு சர்வருக்கு அனுப்பும், அங்கிருந்து யூடியூப்புக்குப் போகும். 720பி, 30 ஃப்ரேம், 3 எம்பிபிஎஸ் போதும். பாக்கறவங்க பெரும்பாலும் போன்லதான் பாப்பாங்க. ஒரே கம்பெனி சிம் மூணு போடாதீங்க, ஒரே டவர்ல மூணு தடவை க்யூவுல நிக்கற கதைதான்.

கேபிள் நோடு:
தம்பி, சாதா நாள்ல நீங்க சொல்றது சரி. சிரசு அன்னைக்கு எடுபடாது. ஊர்வலப் பாதையில நிக்கற எல்லாரும் அதே நேரத்துல ரீல்ஸ் ஏத்திக்கிட்டு இருப்பாங்க. 4ஜி பேண்ட் 40, 5ஜி 3.5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டுமே டிடிடி. ஒரே அலைவரிசைல டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் நேரத்தைப் பங்கு போடறாங்க, பெரிய பங்கு டவுன்லோடுக்கு. சிக்னல் கோடு நாலும் ஃபுல்லா நிக்கும், அப்லோடு 300 கேபிபிஎஸ்ல தவழும். டவர் தெரியுதான்னு கோடு சொல்லும், அந்த டவர்ல எத்தனை பேர் தொங்கறாங்கன்னு சொல்லாது. முந்தின நாள் ஸ்பீடு டெஸ்ட் போட்டு 20 எம்பிபிஎஸ் வருதுன்னு சந்தோஷப்படறதுல அர்த்தமே இல்ல.

இன்னொண்ணு. தினம் 2 ஜிபி பேக் இருக்கற சிம்மை அந்தப் பையில போட்டுடாதீங்க. 3 எம்பிபிஎஸ்னா மணிக்கு 1.35 ஜிபி. ஒரு சிம் மேலயே சுமை விழுந்தா ஒன்றரை மணி நேரத்துலயே கோட்டா காலி, அப்புறம் 64 கேபிபிஎஸ். அன்லிமிடெட் 5ஜி இருக்குன்னு தைரியமா இருந்தா, கூட்டத்துல போன் 4ஜிக்கு இறங்கும்போது அந்த அன்லிமிடெட்டும் கூட வராது.

ஃபைபர் ஏற்கெனவே போஸ்ட்ல தொங்குது. புறப்பாடு, நடுவுல ஒரு திருப்பம், கோபாலபுரம்னு மூணு இடத்துல ஆபரேட்டரோட ஓஎன்யூ (ஃபைபர் ஒளியை நெட் லைனா மாத்தற பெட்டி) ஒண்ணொண்ணு வாங்குங்க. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு எச்டிஎம்ஐ என்கோடர், அதாவது கேமரா படத்தை நெட்ல அனுப்பற மாதிரி மாத்தற பெட்டி. தனி விலான் (அதே ஒயர்ல உங்களுக்கு மட்டும் பிரிச்ச பாதை) போடச் சொன்னா படம் அவர் கண்ட்ரோல் ரூம் வரைக்கும் இன்டர்நெட்டையே தொடாம வந்துடும். லேப்டாப்பை அங்க வைங்க. பான் (ஒரே ஃபைபரைப் பல முனைக்குப் பிரிச்சுக் குடுக்கற முறை) லைன்ல அப்லோடு 1.25 கிகாபிட், அதுல உங்க மூணு கேமரா 15 எம்பிபிஎஸ் இருக்கற இடமே தெரியாது. அவரோட லோக்கல் சேனலுக்கும் அதே படத்தைக் குடுத்துடலாம், ஆபரேட்டர் சம்மதிக்க அதுவே நல்ல தூண்டில்.

பையில் ஸ்டூடியோ:
அண்ணே, ஊர்வலத்துக்காக அந்தத் தெருவுல கரண்டை நிறுத்தினா உங்க ஓஎன்யூ என்ன பண்ணும்? டவருக்காவது பேட்டரி இருக்கு.

கேபிள் நோடு:
12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, நேரா டிசி பின்ல. ஓஎன்யூ ஒரு ஆம்ப் இழுத்தாலும் அஞ்சு மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் வேணாம், 12ஐ 230 ஆக்கி மறுபடி 12 ஆக்கறதுல பேட்டரிதான் வீணாப் போகும். ஹேண்டிகேமுக்கு அதோட பேட்டரி ரெண்டு. என்கோடருக்கு எத்தனை வோல்ட்னு அடாப்டர்ல பாத்து வைங்க. 5 வோல்ட் பெட்டியில 12 குடுத்தா அதோட கதை முடிஞ்சுது.

டார்க் கோர் (வேற யாரும் பயன்படுத்தாத ஃபைபர் இழை) குடுக்கறேன்னு ஆபரேட்டர் சொன்னா ரெண்டு முனையிலயும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை நெட்வொர்க் ஒயரா மாத்தற பெட்டி) ஜோடி போடலாம், ஆனா ஸ்ப்ளிட்டர் (ஒளியைப் பல பங்கா பிரிக்கறது) வழியா வர்ற கோர்ல கன்வர்ட்டர் வேலை செய்யாது. கேபிள் டிவி பக்கம் எல்லாம் பச்சை முனை, கன்வர்ட்டர்ல நீல முனை. ரெண்டையும் சொருகினா உள்ள போகும், டக்குனு சத்தமும் வரும். ஆனா பச்சை முனை 8 டிகிரி சாய்வா சீவினது. நடுவுல காத்து இடைவெளி விழுந்து 3, 4 டிபி போகும், ஒளியும் திருப்பி அடிக்கும். லிங்க் லைட் எரியுது, படம் மட்டும் கட்டம் கட்டமா உடையுதுன்னா முதல்ல இங்க பாருங்க. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம் இருக்கற பேட்ச் கார்டு தனியாவே கிடைக்கும்.

பம்பை மிக்சர்:
படத்தைப் பத்தியே சண்டை போடறீங்க, பம்பை சத்தத்தைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கல. போன் மைக்குக்கு பம்பையும் உடுக்கையும் இரைச்சல். நாய்ஸ் சப்ரஷன் ஆன்ல இருந்தா பேச்சை வெச்சுக்கிட்டு பம்பையை அமுக்கிடும். ஆட்டோ கெய்ன் (சத்த அளவைத் தானா ஏத்தி இறக்கறது) இருந்தா ஒவ்வொரு அடிக்கும் மொத்த சத்தமும் தொபுக்குனு இறங்கி ஏறும். ஓபிஎஸ்லயும் ஆப்லயும் ரெண்டையும் நிறுத்துங்க. லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாம தடுக்கறது) மட்டும் -3 டிபில வைங்க. எல்லாப் பெட்டியோட ஆடியோ சாம்பிள் ரேட்டையும் 48 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க. ஒரு பெட்டி 44.1ல நின்னா சில மணி நேரத்துல உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

மைக் செட்காரர்கிட்ட லைன் வாங்கறப்ப ஆம்ப்ளிஃபயர் பின்னால லைன் அவுட்னு போட்ட பின்னைக் கேளுங்க. பக்கத்துலயே ஹார்னுக்குப் போற 100 வோல்ட் முனை இருக்கும். அதை மிக்சர்ல குடுத்தா மிக்சர் புகைஞ்சிடும். நடுவுல ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கண்டிப்பா வேணும். ரெண்டு பெட்டி வேற வேற கரண்டுல ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் (உர்ர்னு கரண்ட் இரைச்சல்) வரலாம்.

சத்துவாச்சாரி:
வர்ணனைக்கு ஏஐ குரல் போடலாமே? சித்தூர், பலமனேர் பக்கம் பாக்கறவங்களுக்குத் தெலுங்குலயும் ஓடும்.

பம்பை மிக்சர்:
முன்னாடியே எழுதி வெச்ச கோயில் குறிப்புக்குப் போடலாம், தப்பில்ல. நேரலைக்கு வேணாம். தெருப்பேரைக் கடிச்சுத் துப்பும். நிஜ ஆள் குரலை நகல் எடுத்தா அவர் சம்மதமும் வேணும், யூடியூப்ல செயற்கைன்னு குறிக்கவும் வேணும்.

கௌண்டன்யா கரை:
ஹார்ன்ல சாமி பாட்டு ஓடிக்கிட்டே இருக்குமே, காப்பிரைட் வருமா? மத விழாவுக்கு சட்டத்துல விலக்கு இருக்குன்னு ஒருத்தர் சொன்னார்.

கேபிள் நோடு:
விலக்கு இருக்கு, காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல. ஆனா அது விழாவுல பாட்டுப் போடறதைப் பத்தின பேச்சு. யூடியூப் கன்டென்ட் ஐடி (காப்பிரைட் பாட்டைத் தானா கண்டுபிடிக்கற அமைப்பு) சட்டப்புத்தகம் படிக்காது, பாட்டோட ரேகையைத்தான் பாக்கும். நேரலை நடுவுல படத்தை மறைச்சு ஒரு அட்டையைப் போடும், பாட்டு நிக்கலன்னா நேரலையையே வெட்டும்.

பம்பை மிக்சர்:
அதனாலதான் சுத்துச் சத்தம் எடுக்கற மைக்கை ஹார்னுக்கு முதுகு காட்டி, பம்பைக்காரங்களுக்குப் பக்கத்துல வெக்கணும். மைக் செட் லைனோட ஃபேடர் தனியா இருக்கணும். அறிவிப்பு வரும்போது ஏத்து, பாட்டு வந்தா இறக்கு. இந்த வேலைக்கே ஒரு ஆள்.

பையில் ஸ்டூடியோ:
சரி, மூணு முனைக்கு ஃபைபர், ஒத்துக்கறேன். ஆனா நடுத்தெருவுல தேங்கா உடைக்கறதை, சிரசு மேல மாலை விழறதை எந்த மாடி கேமரா காட்டும்? அதுக்குப் பை வேணும். பையில இருந்து லேப்டாப்புக்குப் படம் ஆர்டிஎம்பில வரக் கூடாது, எஸ்ஆர்டில வரணும்; ரெண்டும் நேரலைப் படத்தை நெட்ல அனுப்பற முறைகள். ஆர்டிஎம்பி டிசிபி மேல ஓடுது, ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னால வர்றது எல்லாம் நிக்கும். எஸ்ஆர்டி யூடிபி மேல ஓடும், தொலைஞ்சதை மட்டும் திருப்பிக் கேக்கும், குறிச்ச நேரத்துக்குள்ள வரலன்னா விட்டுட்டுப் போயிடும். அந்த நேரம் ஆர்டிடி (ஒரு பாக்கெட் போய்த் திரும்பி வர ஆகற நேரம்) மாதிரி நாலு மடங்கு. கூட்டத்துல ஆர்டிடி 500 மில்லிசெகண்டு போகும்னு வெச்சா 2 செகண்டு. ஓபிஎஸ்ல இந்த எண் மைக்ரோசெகண்டு, 2000000னு எழுதணும். என்கோடர் பெட்டிகள்ல மில்லிசெகண்டு, அங்க 2000. பெட்டியில பாத்ததை அப்படியே ஓபிஎஸ்ல 2000னு போட்டா 2 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். படம் நார் நாராக் கிழியும், பழி ஜியோ, ஏர்டெல் மேல விழும்.

சூடும் இருக்கு. மே மாச வேலூர் வெயிலைச் சொல்லவே வேணாம், ஐபோனுக்கு ஆப்பிள் குறிச்ச வரம்பே 35 டிகிரி. வெயில், 5ஜி, என்கோடிங், சார்ஜிங் நாலும் சேர்ந்தா முதல்ல திரை மங்கும், அப்புறம் கேமரா மூடிக்கும். போனை 4ஜில பூட்டுங்க, சார்ஜ் போட்டுக்கிட்டே ஓட்டாதீங்க, ரெண்டு போனை மாத்தி மாத்தி எடுங்க. கவரைக் கழட்டிடுங்க.

கேபிள் நோடு:
பையை நான் வேணாம்னு சொல்லல தம்பி, அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்கன்னுதான். ஓபிஎஸ்ல பையோட படத்தைத் தனிக் காட்சியா (scene) வைங்க. படம் சீரா வர்றதைப் பிரிவ்யூல பாத்துட்டுத்தான் மாத்தணும், தடுமாறினா மாடி கேமராவுக்குத் திரும்பணும். போன் உள்ளயும் பதிவு ஓடட்டும், நேரலைல விட்டதை அப்புறமா துண்டு வீடியோவாப் போடலாம்.

யூடியூப்புக்குப் போற லைன்ல 1080பி, 4.5 எம்பிபிஎஸ், சிபிஆர் (வேகம் ஏறி இறங்காம ஒரே அளவு), கீஃப்ரேம் (முழுப் படம்) 2 செகண்டுக்கு ஒண்ணு. லேட்டன்சியை (தாமத அளவு) நார்மல்ல விடுங்க. அல்ட்ரா லோ போட்டா பஃபர் குறைஞ்சு பாக்கறவங்க பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும். ஹேண்டிகேம் 25 ஃப்ரேமா 50i ஆன்னு பாத்து, பையில இருக்கறது உட்பட எல்லா போனையும் ஓபிஎஸ்ஸையும் 25ல வைங்க. 30ஐயும் 25ஐயும் கலந்தா கேமரா திரும்பும்போது படம் குதிக்கும். ஷட்டர் 1/50, ராத்திரி சீரியல் லைட் பட்டை பட்டையா ஓடாது.

கௌண்டன்யா கரை:
விடியக்காலைல ஆரம்பிச்சு வாணவேடிக்கை வரைக்கும் ஒரே லிங்க்ல விடலாமா? வாட்ஸாப்ல ஒரு தடவை அனுப்பினா போதும்னு பாக்கறோம்.

பையில் ஸ்டூடியோ:
வேணாம். 12 மணி நேரத்தைத் தாண்டின நேரலையை யூடியூப் வீடியோவா சேமிச்சுக் குடுக்காது. சிரசு கோபாலபுரத்துல உடல்ல பொருத்தினதும் முதல் நேரலையை முடிங்க. வாணவேடிக்கைக்கு ரெண்டாவது. ரெண்டு லிங்க்கையும் முந்தின நாளே ஷெட்யூல் பண்ணி வெச்சா ஒரே வாட்ஸாப் செய்தியில போயிடும்.

கேபிள் நோடு:
ஒயரை ரோட்டுக்குக் குறுக்க விடாதீங்க. தேங்கா ஓடு மிதிபட்டு அறுக்கும், இளநி கனெக்டருக்குள்ள போனா துடைச்சாலும் போகாது. மாடியில இருந்து மாடிக்கு, ஜிஐ கம்பியில கட்டி மேல கொண்டு போங்க. ஒவ்வொரு முனையிலயும் அஞ்சு மீட்டர் சுருட்டி விட்டு வைங்க.