எக்சோசோம், நுண்குமிழி, நுண்பை: ‘புறப்பொதி’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

செல்கள் வெளியே விடுகிற, சவ்வு போர்த்திய நானோ அளவுப் பொருளுக்கு (extracellular vesicle) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

நுண்குமிழி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அல்ட்ராசவுண்ட் படம் தெளிவாகத் தெரிய இரத்தத்தில் செலுத்துகிற, வாயு நிரம்பிய குமிழிகளுக்கு அந்தப் பெயர் வேண்டும். நாம் பேசுகிறவற்றில் இருப்பது புரதமும் ஆர்என்ஏவும். நுண்பை? இரைப்பை, கருப்பை, பித்தப்பை எல்லாம் உறுப்புகள். ‘இதயத்தில் பைகள் செலுத்தப்பட்டன’ என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

எக்சோசோம் என்றே எழுதிவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. அந்தப் பெயருக்கு நல்ல வரலாறு உண்டு. மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோன் குழுவினர், செம்மறி ஆட்டின் முதிராச் சிவப்பணுக்கள் முதிரும்போது தமக்கு இனித் தேவைப்படாத ஏற்பிப் புரதங்களைச் சிறு சிறு உருண்டைகளாக வெளியேற்றுவதைப் பார்த்தார்கள்; 1987இல் அவற்றை எக்சோசோம் என்றார்கள். சிக்கல் என்னவென்றால், ஆர்என்ஏவைச் சிதைக்கிற ஒரு புரதக் கூட்டமைப்புக்கும் 1997 முதல் இதே பெயர்தான். அதோடு, கறாராகச் சொன்னால் செல்லுக்குள்ளே எண்டோசோம் என்ற சவ்வறையில் உருவாகி வெளியேறுபவை மட்டுமே எக்சோசோம். செல் வளர்த்த திரவத்தைப் புவியீர்ப்பைப் போல 1,00,000 மடங்கு விசையில் சுழற்றி அடியில் படிந்ததை எடுக்கிறோம். அதில் எது எண்டோசோமில் பிறந்தது, எது மேற்சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரிந்தது என்று எப்படிப் பிரிப்பது? அதனால்தான் இத்துறையின் பன்னாட்டுச் சங்கமும் பிறப்பிடம் உறுதியாகாதபோது பொதுப்பெயரையே பயன்படுத்தச் சொல்கிறது. நமக்கும் முதலில் வேண்டியது அந்தப் பொதுப்பெயர்.

என் முன்மொழிவு: புறப்பொதி. செல்லுக்குப் புறத்தே வந்த பொதி. பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொதி என்றால் சுமையும்கூட. இவை செய்யும் வேலையும் அதுதான். 2010இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இடையீட்டுத் திசுக் குருத்தணுக்கள் (மீசென்கைமல் ஸ்டெம் செல்கள்) வெளியிட்ட புறப்பொதிகளை எலிகளுக்குச் செலுத்தியபோது, இரத்த ஓட்டம் தடைபட்டு மீண்ட இதயத்தில் சேதம் குறைந்தது. குருத்தணுவையே செலுத்தத் தேவைப்படவில்லை. புறப்பொதி பிளந்து பெருகாது என்பதால் கட்டியாகிவிடுமோ என்ற அச்சமும் குறைவு. அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் எலியின் கிளையணுக்களிலிருந்து (டென்ட்ரிடிக் செல் எனும் நோயெதிர்ப்புச் செல்கள்) எடுத்த பொதிகளின் மேல், நரம்பணுவைத் தேடிப் பற்றும் ஒரு புரதத் துண்டைப் பொருத்தி, மின்துடிப்பால் சவ்வில் நொடிநேரம் துளை திறந்து ஆர்என்ஏ மருந்தை ஏற்றினார்கள். இரத்தத்தில் செலுத்திய அது மூளைக்குள் போய்ச் சேர்ந்தது. ‘மருந்தேற்றிய புறப்பொதி’ என்று இதைச் சொல்லும்போது வாக்கியம் எங்கும் இடறவில்லை.

உட்பிரிவுகளும் எளிதாக அமைகின்றன: எண்டோசோமில் பிறப்பது அகவழிப் பொதி, மேற்சவ்விலிருந்து பிரிவது சவ்வுப்பொதி, சாகும் செல் சிதறி உண்டாவது இறப்புப்பொதி. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் செல் என்பது கலம், திசு என்பது இழையம். புறப்பொதியில் இரண்டு சொல்லுமே இல்லாததால் இரு கரையிலும் அப்படியே புழங்கலாம். அது பெரிய வசதி.

ஆனால் ஒரு வகை இதற்குள் அடங்காது. கலங்கள் தாமாக வெளியிடுவது மிகவும் கொஞ்சம் என்பதால், கொரியாவில் 2013இல் முழுக் கலங்களையே 10, 5, 1 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகளூடாக அடுத்தடுத்துத் தள்ளினார்கள். இடியப்ப உரலில் மாவைப் பிழிகிற மாதிரித்தான். சவ்வு கிழிந்து, துண்டுகள் தாமாகவே மூடிக்கொண்டு நானோ அளவுப் பொதிகளாகின்றன. புற்றுநோய் மருந்தையும் அவற்றில் ஏற்றிப் பார்த்தார்கள். இவை கலத்திலிருந்து வந்தவைதான், ஆனால் கலம் வெளியிட்டவை அல்ல. இவற்றையும் புறப்பொதி என்றால் பிழையாகிவிடும். ‘பிழிபொதி’ என்று தனியே வைக்கலாமா?

*

சரியான திருத்தம். அப்படியானால் பொதி என்பதே தாய்ச்சொல்லாக இருக்கட்டும். இயற்கையாக வெளிவருவது புறப்பொதி, பிழிந்து செய்வது பிழிபொதி. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘உயிர்ப்பொதி’ சரிவருமா என்று உயிரியல் நண்பர்கள் சொல்லுங்கள். ஆய்வகத்தில் கொழுப்பை மட்டும் கொண்டு கட்டுகிற லிப்போசோமிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்ட அப்படியொரு சொல் கட்டாயம் வேண்டும்.