1990இல் துரத்தப்பட்ட நண்பன் ஊருக்கு வருகிறான், எப்படிக் கதைப்பது?

நல்லூரான்:
யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் நாலு பேர், அதில் ஒருவன் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருக்காரன். 1990 அக்டோபர் 30 இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், ஒலிபெருக்கியில் அறிவித்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னது. அவன் குடும்பம் புத்தளம் போய்ச் சேர்ந்தது. இப்போது போனில் கதைக்கிறோம், பள்ளிக்கூடம், வாத்திமார், பந்தடி எல்லாம் வரும், அந்த நாள் மட்டும் வராது. அடுத்த மாதம் வருகிறான். எங்களில் ஒருவன் வீட்டில் அவர்களுடைய தையல் மெசின் இருக்கிறது, இயக்கம் சாமான்களை விற்றபோது தகப்பன் வாங்கியது. பலகையில் அவன் உம்மா அளவுக்குக் கீறிய கோடுகள்கூட அழியவில்லை. சொல்லாமல் விடுவோம் என்கிறான் இவன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்பிட்டியான்:
நானும் சின்ன வயதில் அப்படி வந்தவன்தான். வழியில் மறித்துக் காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள், அதையெல்லாம் வாப்பா பிறகு பெரிதாகப் பேசியதில்லை. பக்கத்து வீட்டார் ஏன் படலைக்குக்கூட வரவில்லை என்பதைத்தான் மௌத்தாகும் வரை கேட்டார். பயம் என்று அவருக்கும் தெரியும், அதை அவர்கள் வாயால் கேட்க ஆசைப்பட்டார். உங்கள் நண்பர் வருமுன்பே மெசின் விஷயத்தைப் போனில் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் மெசினுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

மட்டுநகர்:
இயக்கம் செய்ததற்கு இவர்கள் ஏன் கூனிக்குறுக வேண்டும்? அதே வருஷம் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படை எங்கள் தமிழ்ச் சனத்தைக் கொன்றதை யார் கதைக்கிறார்கள்?

வன்னிமகள்:
கதைக்கத்தான் வேண்டும், இயக்கம் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்களைச் சுட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலையும் சேர்த்து. ஆனால் ஊர்காவல் படை தமிழரைக் கொன்ற வீரமுனைக்குச் சோனகத் தெருப் பெடியன் என்ன பதில் சொல்வான்? 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் இயக்கத்தின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே இந்த வெளியேற்றத்துக்கு மன்னிப்பு என்ற தொனியில் பேசினார். அது இயக்கத்தின் பக்கம். அயலவன் வீட்டுச் சாமான் என்று தெரிந்தும் காசு கொடுத்து வாங்கியதற்கு இயக்கம் வந்து பதில் சொல்லாது, அது வாங்கிய வீட்டின் பொறுப்பு.

நல்லூரான்:
இரவு மெசின் இருக்கிற வீட்டுக்காரனோடு நிறைய நேரம் கதைத்தேன். தானே போன் எடுத்துச் சொல்கிறானாம், என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னான். சரி, மெசினை என்ன செய்வது, கொண்டுபோய்க் கொடுப்பதா?

கல்பிட்டியான்:
உம்மா இருக்கிறாவா? இருந்தால் அவவிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.