பாடசாலையை மூடுவது பற்றிக் கவுன்சில் கருத்துக் கேட்கிறது. என்ன எழுதுவது?

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. மகன் அடுத்த செப்டம்பரில் ரிசெப்ஷனுக்கு, அதாவது பாடசாலையின் முதல் வகுப்புக்குப் போக வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மகளின் பையைத் துப்புரவு செய்தபோது, நீச்சல் வகுப்புக் கடிதத்துக்கும் பாதி கடித்த ஆப்பிளுக்கும் நடுவில் கவுன்சிலின் கடிதம் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டதாம், அதனால் பாடசாலையை மூடுவது பற்றி "யோசிக்கிறார்களாம்". கருத்துச் சொல்ல ஆறு வாரம் தந்திருக்கிறார்கள். அதில் ஒரு வாரம் ஆப்பிளோடு போய்விட்டது.

இணையத்தில் உள்ள படிவத்தைத் திறந்து பார்த்தேன். முதல் கேள்வியே, பிள்ளைகள் எல்லோருக்கும் தரமான கல்வி கிடைக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறீர்களா என்பதுதான். இதற்கு இல்லை என்று எழுதுகிற தாய் எங்கே இருக்கிறாள்? ஆனால் ஆம் என்று எழுதினால் மூடுவதற்கும் ஆம் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: பாடசாலையோடு சேர்ந்த சிறுவர் நிலையத்தின் சேவைகள் "மீளாய்வு செய்யப்படும்". செவ்வாய்க்கிழமைகளில் மகனை நான் கூட்டிப்போவது அங்கேதான்.

கணவர், எல்லாம் முடிவு செய்தபின் சும்மா கேட்கிறார்கள், நேரத்தை வீணாக்காதே என்கிறார். மாமி, ஊரெல்லாம் கையெழுத்து வாங்கு என்கிறார். வருகிற புதன்கிழமை பாடசாலை மண்டபத்தில் அதிகாரிகள் வருகிறார்கள். ஆங்கிலம் வாசிப்பேன், ஆனால் இப்படியான விடயங்களை எழுத வராது. யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

வடக்கு லண்டன் அப்பா:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. எங்கள் பகுதி நூலகத்துக்கும் இப்படித்தான் கேட்டார்கள். நான் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது அந்தக் கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. பள்ளி விஷயத்திலும் வேறு முடிவு வரும் என்று நான் நம்பவில்லை. வேறு பள்ளியில் இடம் தேடத் தொடங்குங்கள்.

பழைய கவர்னர்:

தங்கச்சி, என் பிள்ளைகள் படித்த பாடசாலையில் நான்கு வருடம் பெற்றோர் சார்பில் கவர்னராக, அதாவது நிர்வாக சபை உறுப்பினராக இருந்தேன். கடைசி வருடம் மூடுவிழாதான். ஆகவே வெற்றிக் கதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் எழுதுவது வீண் என்று மேலே தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கவுன்சிலின் பொறுப்பில் உள்ள பாடசாலையை மூடுவதென்றால் இரண்டு தடவை கருத்துக் கேட்க வேண்டும். இப்போது நடப்பது முதலாவது. இதற்கு அரசாங்கத்தின் வழிகாட்டல் குறைந்தது ஆறு வாரம் என்கிறது, விடுமுறைக் காலத்தைக் கூடியவரை தவிர்க்கவும் சொல்கிறது. உங்கள் ஆறு வாரத்துக்குள் அரைத் தவணை விடுமுறை விழுகிறதா பாருங்கள். விழுந்தால் அதையே முதல் வரியாக எழுதுங்கள். இதற்குப் பிறகும் மூடத்தான் போகிறார்கள் என்றால் சட்டப்படியான அறிவித்தலைப் பத்திரிகையில் போட்டு, பாடசாலை வாசல்களிலும் ஒட்டுவார்கள். அந்த நாளிலிருந்து நான்கு வாரம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது முடிந்து இரண்டு மாதத்துக்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும், தவறினால் விடயம் அவர்கள் கையை விட்டு, கவுன்சிலைச் சாராத பாடசாலைத் தீர்ப்பாளரிடம் போய்விடும். கவுன்சிலின் பொறுப்பில் இல்லாமல், மத்திய அரசின் பணத்தில் நேரடியாக நடக்கிற அகாடமி என்றால் இந்த வழி பொருந்தாது, அங்கே மத்திய அரசின் கல்வித் திணைக்களம்தான் முடிவெடுக்கும். பெயர்ப்பலகையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"முடிவெடுத்துவிட்டுக் கேட்கிறார்கள்" என்பது வெறும் புலம்பல் இல்லை, சட்டத்தில் இடமுள்ள வாதம். 1985-இல் பிரென்ட் கவுன்சிலின் பாடசாலை மூடல் திட்டத்தை எதிர்த்துப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். கன்னிங் வழக்கு என்பார்கள். திட்டம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும், ஆராய்ந்து பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தர வேண்டும், போதிய காலம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத்தில் எடுக்க வேண்டும் என்ற நான்கு விதிகளும் அந்த வழக்கிலிருந்து வந்தவை. 2014-இல் உச்ச நீதிமன்றமும் ஹாரிங்கே கவுன்சிலின் வரிச் சலுகை வழக்கில் அவற்றை ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கில் கவுன்சில் தோற்றது ஏன் தெரியுமா? வேறு வழிகளும் இருந்தன, அவற்றை ஏன் விட்டோம் என்று மக்களிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் வேறு வழி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? வகுப்பு இடங்களைக் குறைப்பது, பக்கத்துப் பாடசாலையோடு இணைப்பது? இல்லையென்றால் கேளுங்கள்.

இனிப் படிவம். அந்த முதல் கேள்விக்கு ஆம் என்றே போடுங்கள், பயம் வேண்டாம். வட்டத்துக்குள் புள்ளி வைக்கிற கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரு வட்டப்படமாகத்தான் வரும். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று கீழே ஒரு பெட்டி இருக்கும். உங்கள் வேலை அங்கேதான்.

அந்தப் பெட்டியில் "எங்கள் பாடசாலை மிகவும் நல்ல பாடசாலை, மூட வேண்டாம்" என்று எழுதாதீர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் எழுதினோம். அறிக்கை வந்தபோது அத்தனை பேரின் கண்ணீரும் "பெற்றோர் பாடசாலையின் மீது பற்று வைத்துள்ளனர்" என்ற ஒரு வரியாகச் சுருங்கிப்போய்க் கிடந்தது.

எது நின்றது என்று சொல்கிறேன். புதுப் பாடசாலை ஒரு மைலுக்குள், பன்னிரண்டு நிமிட நடை என்று எங்கள் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் அடிமட்டம் வைத்து நேர்கோட்டில் அளந்த தூரம் அது. நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. ஒரு தாய் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியே நடந்தார். மேம்பாலத்துக்கு 41 படி, லிப்ட் இல்லை. படியால் ஏறுவதற்கு வண்டியை மடித்து, குழந்தையை இடுப்பில் வைத்து, மகனை முன்னால் விட்டு... மொத்தம் இருபத்தேழு நிமிடம். சுற்றுப்பாதையால் போனால் முப்பத்தைந்து. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதினார். முடிவெடுக்கிற கவுன்சிலர்களின் கேபினெட் கூட்டத்தில் ஒருவர் அந்த 41 படியை மட்டும் மூன்று தடவை கேட்டார். அதிகாரியிடம் பதில் இல்லை. அந்தப் பாலத்தை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார் என்பது என் சந்தேகம்.

பாடசாலை மூடப்பட்டது. ஆனால் சொன்னதிலிருந்து ஒரு வருடம் தள்ளி, சகோதரப் பிள்ளைகளைப் பிரிக்காமல் ஒரே பாடசாலையில் இடம் கொடுத்து மூடினார்கள். தம்பிக்கு இது சிறிய விடயமாகத் தெரியலாம். காலை ஒன்பது மணிக்கு இரண்டு வாசலில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கப்போகிற தாயைக் கேட்டுப் பாருங்கள்.

பணக் கணக்கையும் விளங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதன்கிழமை உங்களை எண்களால் மூடிவிடுவார்கள். அக்டோபர் கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகளோ, அடுத்த ஏப்ரலிலிருந்து பெரும்பகுதிப் பணம் அத்தனை பேருக்குத்தான். வகுப்பில் 30 பேர் இருந்தாலும் 18 பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளம் ஒன்றுதான். நாட்டில் 2012-க்குப் பிறகு பிறப்புகள் குறைந்தன, லண்டனை விட்டு வெளியேறும் குடும்பங்களும் உண்டு. இதெல்லாம் பொய் இல்லை. ஆகவே "பிள்ளைகள் குறையவில்லை" என்று சண்டை பிடிக்காதீர்கள். எதிர்காலக் கணிப்பை எப்படிப் போட்டார்கள், பக்கத்தில் கட்டப்படும் வீடுகளைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி மின்னஞ்சலில் கேட்டால் 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்களிடம் இருப்பது ஐந்து வாரம். இன்றிரவே அனுப்புங்கள்.

சிறுவர் நிலையத்தின் அந்த ஒற்றை வரியை விடாதீர்கள். அதை மூடுவதென்றாலும் சேவையைப் பெரிதாக மாற்றுவதென்றாலும் மக்களிடம் கேட்டாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சிறுவர் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்த வரி அதற்குப் போதுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். தமிழில் எழுதி அனுப்புங்கள், மொழிபெயர்க்கும்படி அவர்களிடம் கேளுங்கள். எங்கள் மண்டபக் கூட்டத்தில் ஒரு பாட்டி மஞ்சள் ஒட்டுத்தாளில் தமிழில் நான்கு வரி எழுதிப் பலகையில் ஒட்டினார். அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அது அறிக்கையில் வந்தது.

விசேட தேவையுள்ள பிள்ளையின் அப்பா:

கவர்னர் அக்கா சொல்லாத ஒன்று. வகுப்பில் யாருக்காவது இ.எச்.சி. திட்டம் (விசேட தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதித் தருகிற கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) இருந்தால் அந்தப் பெற்றோரையும் எழுதச் சொல்லுங்கள். திட்டத்தில் பாடசாலையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். பாடசாலை போனால் கவுன்சில் திட்டத்தைத் திருத்தி வேறு பெயர் எழுத வேண்டும், பெற்றோர் அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம். என் மகன் புதிய வாசலுக்குப் பழக ஒன்றரை வருடம் எடுத்தது. மணிச் சத்தம் வேறு, கழிப்பறைக் கதவின் நிறம் வேறு. அதை அப்படியே எழுதினேன், கதவின் நிறம் உட்பட.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

அக்கா, அண்ணா, மிகவும் நன்றி. பெயர்ப்பலகையைப் பார்த்தேன், அகாடமி இல்லை, கவுன்சிலின் பாடசாலைதான். தகவல் கேட்டு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். மகனின் ரிசெப்ஷன் விண்ணப்பத்தை என்ன செய்வது? ஜனவரி 15-க்குள் போட வேண்டுமே. அதோடு, சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் சொல்கிற புதுப் பாடசாலைக்கு நடந்து பார்த்தேன். கடிதத்தில் பதினைந்து நிமிடம். எங்களுக்கு இருபத்திரண்டு. பெரிய தெருவில் கடவை எங்கே என்று தேடியதிலேயே ஐந்து நிமிடம் போனது.

பழைய கவர்னர்:

லண்டனில் ஆறு பாடசாலைகளின் பெயர் எழுதலாம். இப்போதைய பாடசாலையை எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆனால் மற்ற ஐந்து இடங்களை வெறுமையாக விடாதீர்கள். மூடினால் மகளுக்கு எங்கே இடம், மகனுக்கு அங்கே சகோதர முன்னுரிமை உண்டா என்று சேர்க்கைப் பிரிவிடம் இப்போதே எழுத்தில் பதில் வாங்குங்கள். ரிசெப்ஷனிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. மகள் அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பு, அவளை எப்படியாவது சேர்த்துவிடலாம். மாட்டிக்கொள்ளப்போவது சின்னவன்தான்.

நடைக் கணக்கு நல்லது, ஆனால் சனிக்கிழமைக் கணக்கு செல்லாது. சனிக்கிழமை அந்தத் தெருவில் என்ன நெரிசல் இருக்கும்? திங்கட்கிழமை காலை எட்டு இருபதுக்கு இரண்டு பிள்ளைகளோடும் புத்தகப்பைகளோடும் வீட்டு வாசலில் இருந்து தொடங்குங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது.