இரண்டு கணக்கு, ஒரே வகைக்கெழு. எப்படி?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
எங்கள் ஊர் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டம். பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் ஒன். புத்தகம் ஆங்கிலம், சார் விளக்குவது மலையாளம், எனக்குள் ஓடுவது தமிழ். சந்தேகம் இதுதான். (எக்ஸ் + 1)/(எக்ஸ் − 1) என்ற சார்புக்கு வகுத்தல் விதி போட்டு வகைக்கெழு (வளைவின் சாய்வு) கண்டால் −2/(எக்ஸ் − 1)² வருகிறது. அடுத்த கணக்கு வெறும் 2/(எக்ஸ் − 1). அதற்கும் அச்சு அசலாக அதே விடை. வேறு வேறு சார்புக்கு ஒரே வகைக்கெழு வரலாமா?

வாளையார்க்காரன்:
வரலாம். கீழே உள்ளதை மேலே உள்ளதன் வகைக்கெழுவால் பெருக்கு. மேலே உள்ளதைக் கீழே உள்ளதன் வகைக்கெழுவால் பெருக்கி அதிலிருந்து கழி. மொத்தத்தையும் கீழே உள்ளதன் வர்க்கத்தால் வகு. மேலே மிஞ்சுவது (எக்ஸ் − 1) − (எக்ஸ் + 1) = −2. விடை சரி தங்கச்சி, அடுத்த கணக்குக்குப் போ.

வண்ணாமடை டியூஷன் அக்கா:
அதற்குள் போக வேண்டாம் கண்ணு. விதியைத் தொடும் முன் ஒருமுறை வகுத்துப் பார். எக்ஸ் + 1 என்பது (எக்ஸ் − 1) + 2 தானே? அப்போது முதல் சார்பு 1 + 2/(எக்ஸ் − 1). எக்ஸ் 1 ஆகும் இடத்தை விட்டுவிட்டால், மற்ற எல்லா இடத்திலும் உன் இரண்டாவது சார்பைவிட 1 கூடுதல், அவ்வளவுதான். மாறிலியின் வகைக்கெழு பூஜ்ஜியம். வரைபடம் போட்டால் ஒரே வளைவு, ஒன்று மட்டும் ஒரு அலகு மேலே இருக்கும். சாய்வு எப்படி மாறும்?

நம்ம ஊர்க் கணக்காகவே சொல்கிறேன். பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு டெம்போ போகிறது. வாடகை 1,200 ரூபாய், ஏற்றி இறக்கக் கூலி காய்க்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள். எக்ஸ் காய் ஏற்றினால் ஒரு காய்க்கு விழும் செலவு (1200 + 2எக்ஸ்)/எக்ஸ். இதற்குப் போய் யாராவது வகுத்தல் விதி போடுவார்களா? 2 + 1200/எக்ஸ் என்று பிரி. வகைக்கெழு −1200/எக்ஸ்². கூலி 2 ரூபாய் எங்கேயும் தலைகாட்டவில்லை, பார்த்தாயா? 100 காயில் இதன் மதிப்பு −0.12. அதாவது இன்னொரு காய் ஏற்றினால் காய்க்குச் சுமார் 12 பைசா குறையும். 400 காயில் −0.0075, ஒரு பைசாகூட இல்லை. வாடகையைப் பங்கு போட ஆள் சேரச் சேர, புதிதாக வருகிறவரால் வரும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. விதியை மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள், இதை மட்டும் சொல்வதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
சூப்பர் அக்கா. (எக்ஸ்² + 1)/(எக்ஸ் − 1) என்பதையும் வகுத்தேன். எக்ஸ் + 1 + 2/(எக்ஸ் − 1). வகைக்கெழு 1 − 2/(எக்ஸ் − 1)². பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போடுவார்களா?

வண்ணாமடை டியூஷன் அக்கா:
வகுத்தல் விதிப்படி என்று கேள்வியிலேயே இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எந்த வழியும் சரி. கடைசியில் கீழே ஒரே பகுதி வரும்படி சேர்த்து (எக்ஸ்² − 2எக்ஸ் − 1)/(எக்ஸ் − 1)² என்று முடித்துவிடு, திருத்துகிறவருக்கும் சுலபம். அப்புறம், எல்லாவற்றையும் வகுக்கக் கிளம்பாதே. எக்ஸ்/(எக்ஸ்² + 1) மாதிரி மேலே படி (எக்ஸின் மிகப் பெரிய அடுக்கு) கீழே இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் வகுக்க ஒன்றுமில்லை, அங்கே விதிதான். (1 − எக்ஸ்²)/(எக்ஸ்² + 1)² வருகிறதா என்று போட்டுப் பார்.