கண்காட்சிக் கூடுகை: தவளையோடு வரலாமா, வெறுங்கையோடு வரணுமா?

மழைக்கூத்தன்
ஊர்வன, இருவாழ்விக் கண்காட்சி அன்னைக்கு தவளைக்காரங்க எல்லாரும் ஒரு மூலையில கூடலாம்னு பேசினோமே, அதை முடிவு பண்ணிடலாம். கதவு திறந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு, முதல் நெரிசல் அடங்கினதும் வாங்க. என் யோசனை, ஆளாளுக்கு உபரியா இருக்குற குட்டிகளைக் கொண்டு வந்து மாத்திக்கலாம். என்கிட்ட நீல அம்புத் தவளைக் குட்டி ஆறு இருக்கு. 30 டிகிரியைத் தாண்டினாலே துவண்டு போற ஜீவன். பார்சல் வண்டியில அனுப்புறதைவிட கைக்குக் கை மாத்துறது அதுக்கு எவ்வளவோ மேல்.

தேரையார்
கூடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தவளையைக் கொண்டு வருவதில்தான் ஆட்சேபம். தவளைத் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999ல் பெயர் வைத்தார்களே, அதை எதிலிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் செத்துப்போன ஒரு நீல அம்புத் தவளையிலிருந்து. உங்கள் வீட்டில் இருக்கும் அதே வகை. காட்டில் திரிந்தது அல்ல, பராமரிப்பில் இருந்தது. பத்துப் பேர் பத்து வீட்டுத் தவளையை ஒரே மேசையில் வைத்தால் அது கூடுகை இல்லை, கலப்படம்.

மழைக்கூத்தன்
அண்ணே, ஒவ்வொண்ணும் தனித்தனி மூடி போட்ட கப்புல இருக்கும். யாரும் ஒரே தொட்டியில கொட்டிக் கலக்கப் போறதில்ல. பக்கத்து மேசையில நூத்துக்கணக்குல விக்கிறாங்க, அதைக் கேக்க ஆளில்ல. நாம ஆறு குட்டி மாத்தினா பூஞ்சை வந்துடுமா?

தேரையார்
மூடி கப்புக்குத்தான், கைக்கு இல்லை. ஒரு கப்பைத் திறந்து பாசியைத் தள்ளி, குட்டியைக் காட்டிவிட்டு அதே ஈரக் கையோடு அடுத்த கப்பைத் திறப்பீர்கள். போன முறை நானே பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அந்தப் பூஞ்சை செழிப்பது 17 முதல் 25 டிகிரிக்குள். நாம் தவளைக்குச் சொகுசாக வைக்கும் சூடு அதற்கும் சொகுசு. 2019ல் வந்த கணக்கின்படி, இந்த நோயால் குறைந்துபோன இருவாழ்வி இனங்கள் குறைந்தது 501. அதில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் செய்கிறார் என்பது பதில் ஆகாது.

புதுக்குளம்
நான் இன்னும் ஒண்ணும் வாங்கல, பார்க்கத்தான் வரேன். அம்புத் தவளையைத் தொட்டா ஆபத்தா?

நுணலும்_வாயும்
உங்களுக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, அதுக்குத்தான் ஆபத்து. காட்டுல அது தின்னுற எறும்பு, உண்ணிகள்ல இருந்துதான் விஷம் சேருது. பழ ஈ தின்னு வீட்டுலயே பொறந்து வளர்ந்ததுக்கு விஷம் கிடையாது. ஆனா உங்க கையில இருக்குற சானிடைசரை அது தோல் வழியா உறிஞ்சிடும்.

சரி, வாதத்துக்கு வரேன். நான் கண்காட்சியில மேசை போடுற ஆளு. தேரையார் சொல்ற பூஞ்சைப் பயம் நியாயம்தான். ஆனா சந்தைக்குத் தவளை வரவே கூடாதுங்கிறதை ஒத்துக்க மாட்டேன். அம்புத் தவளைங்க 1987ல இருந்தே சைட்டிஸ், அதாவது காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. வீட்டுல பெருகின குட்டி சுலபமா கிடைச்சாத்தான் காட்டுல இருந்து பையில கட்டிக் கடத்துறவனுக்கு வாங்க ஆள் குறையும். அந்தக் குட்டி கைமாறுற இடம் இந்த மாதிரி மேசைங்கதான்.

என் கோபம் வேற இடத்துல. கப்பைத் தூக்கி குலுக்குறாங்க. இலைக்கடியில ஒடுங்கிக் கிடக்குற குட்டி அசையணுமாம். மூடியில ஆவி படிஞ்சு உள்ள தெரியலன்னா செல்போன் டார்ச்சை அடிக்கிறாங்க. கேட்டா "உயிரோட இருக்கான்னு பார்த்தேன்"ங்கிறாங்க. நானும் ஒரு தடவை ஏமாந்தேன். நல்லா வளர்ந்த குட்டின்னு சொல்லி ஒருத்தர் வித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தா வாலோட நுனி இன்னும் முழுசா உள்வாங்கல. தண்ணியை விட்டு ஏறி ரெண்டு நாள் இருந்தா அதிகம். பழ ஈயைப் பிடிக்கவே தெரியல, நாலு நாள்ல போயிடுச்சு.

ஈரப்பாசி
வாலை விடுங்க, அதோட வம்சம் யாருக்காவது தெரியுமா? கப்புல நிறத்தோட பேரு மட்டும் எழுதியிருக்கு. எந்த இடத்து வம்சாவளி, தாய் தகப்பன் யார்கிட்ட இருந்து வந்தது, ஒண்ணும் இல்ல. அம்புத் தவளையிலயே ஊஃபாகாங்கிற வகையில தாய்த்தவளை ஒவ்வொரு தலைப்பிரட்டைக்கும் முட்டை போட்டு ஊட்டி வளர்க்கணும், வருஷத்துக்கு ஒரு ஜோடி தர்றது கொஞ்சம்தான். அந்த வகையில ஒருத்தர் ஒரே சமயத்துல பெரிய தவளையா இருபது வெச்சிருந்தா, "எப்படிங்க, காட்டுல பிடிச்சதா?"ன்னு முகத்துக்கு நேரா கேக்கணும். அதுக்காகவே நான் கூடுகைக்கு வரேன். போட்டோவைப் பார்த்து இதைக் கேக்க முடியாது.

தேரையார்
ஈரப்பாசி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கேள்வி கேட்கத் தவளை எதற்கு, வாய் போதுமே. நெதர்லாந்தில் தீச் சலமாண்டர்கள் (பல்லி போல வாலுள்ள இருவாழ்விகள்) கொத்துக் கொத்தாகச் செத்ததும், 2013ல் அதற்குக் காரணமான இன்னொரு கைட்ரிட்டைக் கண்டுபிடித்ததும் நினைவிருக்கும். அது ஆசியாவிலிருந்து வளர்ப்பு வியாபாரத்தோடு போயிருக்கலாம் என்றுதான் கருதுகிறார்கள். 2016ல் அமெரிக்கா 20 பேரினச் சலமாண்டர்களின் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்தது தவளை என்று சட்டம் வந்தால் இங்கேயே வந்து புலம்புவோம்.

மழைக்கூத்தன்
அப்போ ஒரு நிபந்தனை வெப்போம். பஞ்சுக்குச்சியால வயிறு, தொடை, பாதம் துடைச்சு, பூஞ்சையோட மரபணு இருக்கான்னு பார்க்குற பிசிஆர் பரிசோதனையில இல்லைன்னு வந்த தவளை மட்டும். முன்கூட்டியே யார் யாருக்குன்னு பேசி வெச்சது மட்டும். கப்பைத் திறக்கக் கூடாது. வாங்கினவர் வீட்டுல ரெண்டு மாசம் தனித் தொட்டி.

தேரையார்
துடைத்த தேதியும் கப்பில் இருக்க வேண்டும். துடைத்த பிறகு புதிதாக ஒரு தவளையை வீட்டுக்குள் விட்டிருந்தால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. கப்பில் மிஞ்சும் பாசியையும் தண்ணீரையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள், பிளீச் ஊற்றிய பிறகு அப்புறப்படுத்துங்கள். இவ்வளவும் செய்தாலும் நான் வெறுங்கையோடுதான் வருவேன்.

நுணலும்_வாயும்
தவளையைத் தராசுல நிறுக்குற கதையா இருக்கு, ஒருத்தரை உக்கார வெச்சா இன்னொருத்தர் குதிக்கிறார். புதுக்குளம் தம்பி, நீங்க என் மேசைக்கு வாங்க. கப்போட அடிப்பக்கமா பார்த்தா முன்னங்கால் விரல்நுனி தெரியும். நீலத் தவளையில ஆணுக்கு அந்தத் தட்டு நல்லா அகலமா இருக்கும், பெண்ணுக்குக் குறுகலா இருக்கும். பெரிய தவளையா ரெண்டை பக்கத்துல வெச்சுக் காட்டுறேன். திறக்க மாட்டேன், தேரையார் பயப்பட வேண்டாம்.

புதுக்குளம்
கண்டிப்பா வரேன். ஆனா யார் யாருன்னு எப்படித் தெரியும்?

ஈரப்பாசி
சட்டைக் காலர்ல இறக்கையில்லாத பழ ஈ ஊர்ந்துட்டு இருக்கும், அவர் நம்மாளு.