இரு துப்பாக்கிகளிலும் ஒரு தட்டச்சுப் பொறியிலும் ஒரே பெயர்: செய்தவர் யார்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறிய வரலாற்றுக் காட்சியகத்தில் பழம்பொருள்களுக்குப் பதிவேடு எழுதும் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கே இரண்டு இரட்டைக் குழல் ஷாட்கன்கள் உள்ளன. ஒன்றின் குழல்மேல் 'எல். சி. ஸ்மித், பேக்கர் துப்பாக்கிகளைச் செய்பவர், சிரக்யூஸ்' என்னும் பொருளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மற்றொன்றின் பக்கத் தகட்டில் 'எல். சி. ஸ்மித்' என்றும், குழலில் 'ஹண்டர் ஆர்ம்ஸ், ஃபுல்டன்' என்றும் இருக்கிறது. அருகிலுள்ள தட்டச்சுப் பொறியும் அதே ஸ்மித்தின் பெயரைத் தாங்கியிருப்பதால், முன்பு பதிவேடு எழுதியவர் மூன்றையும் ஒருவரே செய்ததாகக் குறித்துவிட்டார். இது சரியா? மேலும், முதல் துப்பாக்கியில் குழலைத் திறக்கும் நெம்புகோலையே காணவில்லை. அது உடைந்து விழுந்துவிட்டதா என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி 1:
ஐயா, நெம்புகோல் தொலையவில்லை, அந்த வகைக்கு நெம்புகோலே கிடையாது என்று கருதுகிறேன். வில்லியம் பேக்கர் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், முன்விசையை (சுடுவதற்கான இரண்டு விசைகளில் முன்னே இருப்பதை) வழக்கம்போலப் பின்னால் இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். அதையே முன்னோக்கித் தள்ளினால் பூட்டு விலகிக் குழல்கள் கீழே சாயும். எனினும் நீங்களே தள்ளிப் பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரைக் கொண்டு, உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2:
பேக்கர் என்றால் இதாக்கா நகரத் துப்பாக்கி நிறுவனம் அல்லவா? அப்படியே பதிவேட்டில் எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

மறுமொழி 1:
நண்பரே, அப்படி எழுதினால் வேறொரு பிழை நுழைந்துவிடும். 1870களின் பிற்பகுதியில் பேக்கரின் தொழிலுக்கு முதலீட்டோடு துணைநின்றவர் லைமன் கார்னீலியஸ் ஸ்மித், அதாவது எல். சி. ஸ்மித். இரண்டு ஷாட்கன் குழல்களின் கீழே ஒரு ரைஃபிள் குழலையும் சேர்த்த மூன்று குழல் துப்பாக்கியும் அவர்களிடமிருந்து வந்தது. பின்னர் பேக்கரும் ஸ்மித்தின் சகோதரர் லீராய் ஸ்மித்தும் பிரிந்து சென்று, 1880களின் தொடக்கத்தில் இதாக்கா நிறுவனத்தை உருவாக்கினார்கள். சிரக்யூஸிலேயே தங்கிய லைமன், பேக்கரின் வடிவமைப்பைத் தொடர்ந்து செய்து விற்றார். பொறிப்பில் இரண்டு பெயர்களும் சேர்ந்திருப்பது அதனால்தான். எனவே வடிவமைப்பு பேக்கருடையது, தயாரிப்பு ஸ்மித்துடையது.

ஸ்மித் என்ற பெயருக்குப் புகழ் தேடித் தந்தவரோ அலெக்சாண்டர் டி. பிரவுன் என்னும் பொறியாளர். குழல்களின் பின்முனை நீட்சியைச் சுழலும் தாழ் ஒன்று பற்றிக்கொள்ளும் அமைப்பை அவர் வகுத்தார். பயன்பாட்டில் உலோகம் தேயத் தேய அந்தத் தாழ் இன்னும் சற்றே கூடுதலாகச் சுழன்று இடைவெளியை நிரப்பிவிடுவதால், பல்லாண்டுகள் சுட்ட பிறகும் பூட்டு தளராது. 1884இல் இந்தப் பூட்டோடு கூடிய துப்பாக்கியும், 1886இல் சுத்தியல் வெளியே தெரியாத வகையும் வந்தன. அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலில் இதைவிட அழகான தீர்வு அரிது என்றே நான் நினைக்கிறேன்.

அதே பிரவுன்தான் ஸ்மித்துக்குத் தட்டச்சுப் பொறியையும் வடிவமைத்துக் கொடுத்தார். அதில் மனம் ஈடுபட்ட ஸ்மித், 1880களின் இறுதியில் துப்பாக்கித் தொழிலை ஃபுல்டன் நகர ஹண்டர் குடும்பத்தாருக்கு விற்றுவிட்டார். 'ஸ்மித் பிரீமியர்' என்னும் தட்டச்சுப் பொறியை விற்ற ஸ்மித் சகோதரர்கள், 1903இல் தங்கள் பெயரிலேயே புதிய தட்டச்சு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1926இல் கரோனா என்னும் தட்டச்சு நிறுவனத்துடன் இணைந்து ஸ்மித்-கரோனா ஆனது அதுவே. ஹண்டர் குடும்பம் நல்ல பெயரை இழக்க விரும்பாமல் 'எல். சி. ஸ்மித்' என்பதையே துப்பாக்கிகளில் தொடர்ந்து பொறித்தது. 1945இல் மார்லின் நிறுவனம் வாங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. ஆகவே உங்கள் இரண்டாவது துப்பாக்கியில் அது வணிகப் பெயர்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. பழுதுபார்ப்பவர் இன்று வந்து, இரண்டிலும் தோட்டா இல்லை என்று உறுதி செய்தார். முதல் துப்பாக்கியின் முன்விசையை அவர் மெல்ல முன்னே தள்ளியதும் குழல்கள் தயக்கமின்றிச் சாய்ந்தன. எந்த உறுப்பும் உடைந்திருக்கவில்லை. குழல்களில் டமாஸ்கஸ் இரும்புக்கே (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த பழைய வகைக்கு) உரிய அலைக்கோலம் தெரிவதால், இதை ஒருபோதும் சுடக்கூடாது என்றும் எச்சரித்தார். பதிவேட்டில் முதலாவதற்கு 'வடிவமைப்பு: பேக்கர், தயாரிப்பு: எல். சி. ஸ்மித், சிரக்யூஸ்' என்றும், இரண்டாவதற்கு 'தயாரிப்பு: ஹண்டர் ஆர்ம்ஸ், ஃபுல்டன், வணிகப் பெயர்: எல். சி. ஸ்மித்' என்றும் திருத்திவிட்டேன். தட்டச்சுப் பொறியின் வரிசை எண்ணை நாளை பார்த்து எழுதுகிறேன்.