புதுச்சேரிக்குத் தனியாகச் சைக்கிள் பயணம்: காற்றையும் பழுதையும் சமாளிப்பது எப்படி?

கேள்வி (திருவான்மியூர்வாசி):
வார இறுதிகளில் நண்பர்களோடு மாமல்லபுரம் வரை ரோடு பைக்கில் சென்று திரும்பும் பழக்கம் எனக்கு உண்டு. தை மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர், தனியாகச் சென்று மறுநாள் அதே வழியில் திரும்ப எண்ணியிருக்கிறேன். துணையின்றிச் செல்வதற்கு வீட்டில் தயங்குகிறார்கள். குழுவாகச் செல்வதைவிட இது எவ்வளவு கடினம்? அந்தச் சிரமத்துக்கு ஈடான இன்பம் உண்டா?

மறுமொழி (எதிர்க்காற்று):
உங்களை வாட்டப்போவது தூரத்தைவிடக் காற்றுதான். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால், குழுவில் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிச் செல்லும்போது கால்வாசி அளவுக்குக்கூட மிச்சமாகும் உழைப்பைத் தனிப் பயணத்தில் உங்கள் கால்களே முழுவதும் செலுத்தியாக வேண்டும். தையில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று வீசும். போகும்போது அது முதுகைத் தள்ளுவதால் மரக்காணம் வந்ததே தெரியாது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்றுகூட நினைத்துக்கொள்வீர்கள். மறுநாள் அதே காற்று முகத்தில் அடிக்கும்போதுதான் கணக்கு புரியும். எனவே முதல் நாள் கால்களை அடக்கி ஓட்டுங்கள். திரும்பும் நாளில், காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையிலேயே புறப்பட்டு, கூடுதலாக இரண்டு மணி நேரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (கழிவெளி):
மேலே உள்ள கணக்கு சரியே. ஆனால் அதை மட்டும் படித்தால் யாரும் வண்டியை வெளியே எடுக்கமாட்டார்கள். குழுவில் செல்பவர் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் சுழலும் சக்கரத்தைத்தான். தனியாகச் சென்றால், ஒதியூர்க் காயலில் வலசைப் பறவைகள் இறங்கியிருப்பதைக் கண்டு நிற்கலாம். கடப்பாக்கத்தில் கடலை நோக்கித் திரும்பி, இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைச் சுவரில் சாய்ந்து ஒரு வாழைப்பழம் உண்ணலாம். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கமாட்டார்கள். காதும் கூர்மையாகிவிடும். உப்புக்காற்றில் செயின் வறண்டு கீச்சிடத் தொடங்குவதைப் பேச்சுத்துணை இல்லாதபோது உடனே கேட்டுவிடலாம் என்பதால், ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியைப் பையில் வைத்திருங்கள். வீட்டாரின் தயக்கத்துக்கு, கைப்பேசியில் நீங்கள் இருக்கும் இடத்தை அவர்கள் தொடர்ந்து பார்க்கும்படி செய்துவிடுவதே போதுமான மருந்து.

மறுமொழி (பஞ்சர் பெட்டி):
பழுதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் டியூபில் இருப்பது மெல்லிய பிரஸ்டா வால்வாக இருந்தால், சாலையோரப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. மேலே திருகிக்கொள்ளும் சிறு பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதோடு இரண்டு மாற்று டியூப், டயரைக் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு ஆகியவையும் இருக்கட்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சரானால் அதற்குப் பெரும்பாலும் காரணம், லாரி டயர்களிலிருந்து சிதறிய மயிர்போன்ற கம்பித்துண்டுதான். வெளியிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரலால் மெல்லத் தடவி, குத்தும் இடத்தில் அதைப் பிடுங்கி எறியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த டியூபும் சிறிது நேரத்தில் போய்விடும்.

இன்னொன்று: வழியெல்லாம் இளநீர் கிடைக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதீர்கள். வியர்வையில் அதிகம் வெளியேறுவது சோடியம். இளநீரில் பொட்டாசியம்தான் மிகுதி. உப்புப் போட்ட மோரோ, ஓஆர்எஸ் கரைசலோ இடையிடையே குடித்துவந்தால் தொடைத்தசை பிடித்துக்கொள்ளும் வாய்ப்புக் குறையலாம்.